ரெப்போ அண்ணனின் வாசக்கால்

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து வீட்டுக்கடனைப் பற்றி முழுதாக அறிந்தவர் ஒரே ஒரு மனிதர்தான். வங்கி மேலாளர்களெல்லாம் இரண்டாம் இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்பேர்ப்பட்டவர் பதினோரு வருடமாக வாடகை வீட்டில் குடியிருந்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மாதா மாதம் அதை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லாருக்கும் அவர் ரெப்போ அண்ணன்தான்.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கான ஓர் எடைமேடையில் அவருக்கு வேலை. அதே காம்பவுண்டுக்குள் இருந்த ஆபீசில் நான் கணக்கு எழுதினேன். காலி லாரி மேடையில் ஏறும், அது ஓர் எடை. கல்லோடு திரும்பி வந்து ஏறும், அது இன்னோர் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டு அடித்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்கடன் ஆராய்ச்சி. எது மற்ற நேரம் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார் என்பதுதான் முதலாளிக்கு இருந்த ஒரே வருத்தம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மும்பையில் ரிசர்வ் வங்கி கவர்னர் உட்கார்ந்து ரெப்போ வட்டியை அறிவிப்பார். வங்கிகள் மேலிடத்தில் கடன் வாங்கும்போது கட்டுகிற வட்டி அது. அது ஏறினால் நம் வீட்டுக்கடனும் ஏறும், இறங்கினால் இறங்கும். இந்த விஷயம் நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் லாரி டிரைவர்களுக்குத் தெரியும். ஏனென்றால் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு எடைமேடை நின்றுவிடும். அண்ணன் செல்போனை எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் இறக்கி வைப்பார். கவர்னரின் குரல் கோயில் ஒலிபெருக்கி மாதிரி கணீரென்று வரும். லாரிகள் ரயில்வே கேட் வரைக்கும் வரிசை கட்டும்.

"அண்ணே, சீட்டக் குடுங்கண்ணே!"

"இருப்பா. கவர்னரு பேசிக்கிட்டு இருக்காரு."

"நம்ம ரோட்டப் பத்தி எதாச்சும் சொல்றாரா?"

"உனக்கு வூட்டுக்கடன் இருக்குதா?"

"இல்லண்ணே. டிராக்டர் கடன்தான் இருக்குது."

"அப்ப உனக்கு இதுல வேல இல்ல. கம்முனு நில்லு."

கொஞ்ச நாளில் டீக்கடையில் டிரைவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "கால் பாயிண்டு ஏத்திட்டாராம்ல?" என்று ஒருவர் கேட்பார். "பணவீக்கம் அடங்கலயாம்" என்று வடையைப் பிய்த்துக்கொண்டே இன்னொருவர் பதில் சொல்வார்.

நான் அவரிடம் மாட்டியது என் சொந்த வாயால்தான். பெரம்பலூரில் வீடு வாங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்னேன், ஊரெல்லாம் வட்டி ஏறியும் என் மாதத் தவணை மட்டும் ஏறவே இல்லை என்று. அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"ஒரு பைசாகூட ஏறலயா சார்?"

"ஒரு பைசா ஏறலண்ணே."

"அய்யய்யோ" என்றார். சொந்தத்தில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று சேதி வந்தது போல இருந்தது அவர் முகம்.

மறுநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுவிட்டு என்னை வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் பயந்தது சரி. வட்டி ஏறியபோதெல்லாம் தவணையைத் தொடாமல் வருடங்களை நீட்டிவிட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் முடியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த கடன் சத்தமில்லாமல் அறுபத்தைந்துக்குப் போயிருந்தது. கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். நான்தான் பிரிக்கவில்லை.

அங்கேயே கடனை வேறு வகைக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பாடம் நடந்தது. லாரியையும் எடைமேடையையும் வைத்தே அவர் எல்லாவற்றையும் சொல்வார்.

"நிலையான வட்டின்னு ஒண்ணு இருக்குது சார். மேடைல ஏத்த வேணாம், கண்ணால பாத்தே இத்தன டன்னுன்னு எழுதிக்கலாம்பான். நிம்மதிதான். ஆனா எப்பயும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவான். இன்னொண்ணு, மூணு வருஷம் கண்ணால பாத்து எழுதுவான், நாலாவது வருஷம் மேடைல ஏத்திடுவான். அந்த மூணு வருஷத்தக் கொட்ட எழுத்துல போடுவான். நாலாவத பொடி எழுத்துல போடுவான்."

"நான் இத்தனை நாளா எதுலண்ணே இருந்தேன்?"

"நீங்க மிதக்குற வட்டி. அதுலயே பழைய வகை. வண்டியும் அவனுது, எடைமேடையும் அவனுது. அவன் செலவப் பாத்து அவனே வட்டி வெப்பான், வருஷத்துக்கு ஒருக்காதான் எடை போடுவான். இப்ப மாத்திக்கிட்டு வந்தோமே, அது ரெப்போவோட போறது. காலி வண்டி எடைய மும்பைல இருக்கறவரு சொல்லுவாரு. நம்ம பேங்க்காரன் அதுல கை வெக்க முடியாது. அதுக்கு மேல அவன் ஏத்துற லோடு எவ்ளோன்னு மொத நாளே எழுதிக் குடுத்துடணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா எடை. ஏறுனா ஒளிக்காம ஏறும், எறங்குனா ஒளிக்காம எறங்கும்."

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எங்கள் சீட்டுக்குப் பக்கத்திலேயே சாய்ந்து நின்றுவிட்டார். இரண்டு ஸ்டாப்பில் விசில் ஊத மறந்தார். நாங்கள் இறங்கும்போது, "அண்ணே, என் கடன் எந்த மேடைல நிக்குதுன்னு பாத்துச் சொல்றீங்களா?" என்று நம்பர் வாங்கிக்கொண்டார்.

இப்படிச் சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் அண்ணனிடம் ஒரு நீள நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இருந்தது. யாருக்கு எந்தத் தேதியில் வட்டி மாறும் என்பது அதில் இருக்கும். அந்தத் தேதிக் காலையில் போன் வரும். "சார், இன்னிக்கி உங்களுக்கு ரீசெட். மெசேஜ் வந்தா அப்பிடியே எனக்கு அனுப்புங்க." என் பிறந்த நாள் அவருக்குத் தெரியாது. என் ரீசெட் தேதி தெரியும். கடனைக் கட்டி முடித்தவர்களின் பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிடுவார். அதோடு போனும் நின்றுவிடும். வேலை முடிந்தது, இனி அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை.

இடம், பொருள், ஏவல் எதையும் அவர் பார்க்க மாட்டார். ஒரு சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு நானும் அண்ணனும் குடும்பத்தோடு போயிருந்தோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் புது மொட்டையும் சந்தனமுமாக ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவரை உற்றுப் பார்த்தார். ஒரு வங்கியின் மேலாளர். மொட்டையிலும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"சார், பெருமாள் பாத்துக்கிட்டு இருக்காரு. உங்க பேங்க்ல ரெப்போக்கு மேல லோடு எவ்ளோ சார்?"

அவர் கண்ணைத் திறக்காமலே, "ரெண்டே முக்கால். கேட்டா ரெண்டரை" என்றார். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அந்தத் திங்கட்கிழமை காலையில் அந்த வங்கி வாசலில் ஏழு பேர் ரெண்டரை கேட்டு நின்றார்கள்.

இவ்வளவு செய்தவர், தான் மட்டும் கடன் வாங்கவில்லை. அதுதான் வேடிக்கை, அதுதான் வேதனை.

அவர் மனைவி செல்வராணி அக்கா ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பெரம்பலூர் நாலு ரோட்டைத் தாண்டி ஒரு சின்ன மனை, அக்காவின் நகையில் வாங்கியது. அதில் பேஸ்மட்டமும் போட்டாகிவிட்டது. சுவர் எழுப்பத்தான் கடன் வேண்டும். ஆண்டிமடத்தில் அக்காவின் தம்பி, முந்திரித் தோப்பு ஓரத்தில் நின்ற பலாவை வெட்டி வாசக்கால் செய்து, வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். "சீக்கிரம் வூட்டக் கட்டுங்க மாமா" என்று அவர் சொன்னதை அண்ணன் அவசரப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

அந்த வாசக்கால் ஆறு வருடம் வாடகை வீட்டின் கூடத்தில் சுவரில் சாய்ந்து நின்றது. யார் போனாலும் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா அதைத் துடைத்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். ஒருமுறை நான் போயிருந்தபோது வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"சிரிங்க தம்பி. எனக்கு வாசல் இருக்குது, வூடுதான் இல்ல" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவரோட கூடப் பொறந்த அண்ணன் செயங்கொண்டத்துல கடன் வாங்கித்தான் வூடு கட்டுனாரு. மாசத் தவண ஏறவே இல்லன்னு அவரும் உங்கள மாதிரிதான் சந்தோசமா சொல்லிக்கிட்டு இருந்தாரு. போய்ச் சேந்த பொறவு கணக்கெடுத்துப் பாத்தா, கட்டுனதெல்லாம் வட்டிக்கே போயிருக்குது. அண்ணிக்காரி வூட்ட வித்துட்டுப் போனாங்க. அன்னிக்கிப் புடிச்சது இவருக்கு இந்தக் கிறுக்கு."

அதுவரை அண்ணனின் ஆராய்ச்சி எனக்கு வெறும் தமாஷாகத்தான் இருந்தது. அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்து, சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வங்கியில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்ட மேடமோ, "அறுபது வயசுக்குள்ள முடியணும் சார். நீங்க ஒவ்வொரு வருஷம் யோசிக்கும்போதும் ஒரு வருஷம் குறையுது. இன்னும் கொஞ்ச நாள் யோசிச்சா லோன் குடுக்க வழியே இல்ல" என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தொன்று.

அக்கா பஞ்சாங்கம் பார்த்து வாசக்கால் வைக்க ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வைத்துவிட வேண்டும். அண்ணன் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "பேஷா வெச்சிடலாம்" என்றார். அவர் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பத்து மணிக்குக் கவர்னர் பேசுகிறார்.

அன்று காலையில் மனைக்குப் போனால் பெரிய ஏற்பாடாக இருந்தது. வாசக்காலுக்கு மாவிலை கட்டி, மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓர் ஆள் குறைகிறது என்று என்னையும் இடது காலைப் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். குழிக்குப் பக்கத்தில் நவதானியம், மஞ்சள் துணி, காசு, ஒரு செம்பில் பால். இன்னொரு பக்கம், மனையைப் பார்வையிட வந்த வங்கி மேடம். அவர் கையில் ஒன்றுக்கு இரண்டு ஒப்பந்தம். அண்ணன் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவர வைத்திருந்தார். ஒன்று ரெப்போவோடு போகிற கடன். மற்றது மூன்று வருடம் நிலையான வட்டி, அப்புறம் மிதக்கிற வட்டி.

அண்ணன் செங்கல் அடுக்கின் மேல் டிபன் டப்பாவை வைத்து, அதற்குள் போனை வைத்தார். கையில் ஓர் எடைச்சீட்டு. அதன் முதுகில் இரண்டே வரி: 'ஏத்தினால் மூணு வருஷ நிலை. எறக்கினால் ரெப்போ.' பதினோரு வருட ஆராய்ச்சியின் முடிவு அது.

"கவர்னரு சொன்ன உடனே கையெழுத்து. கையெழுத்து ஆன உடனே வாசக்கால். எல்லாம் பத்தரைக்குள்ள முடிஞ்சிரும்" என்றார்.

கவர்னர் பேச ஆரம்பித்தார். முதலில் உலகப் பொருளாதாரம். மேஸ்திரி கையை மாற்றிப் பிடித்தார். அப்புறம் கச்சா எண்ணெய். எனக்குத் தோள்பட்டை வலித்தது. அப்புறம் மழையும் காய்கறி விலையும்.

"தக்காளி வெலய நான் சொல்றேங்க அவருக்கு" என்றார் மேஸ்திரி. "நாங்க வாசக்காலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறோம்னு யாராச்சும் அவருக்கு ஒரு போனப் போடுங்களேன்."

போன் சுற்ற ஆரம்பித்து நின்றது. அண்ணன் டப்பாவோடு தூக்கிக்கொண்டு பேஸ்மட்டத்தின் நாலு மூலைக்கும் ஓடினார். ஈசானிய மூலையில் சிக்னல் கிடைத்தது. மணி பத்து பதினெட்டு. டப்பாவுக்குள்ளிருந்து சேதி வந்தது. ரெப்போ வட்டியில் மாற்றம் ஏதும் இல்லை.

அண்ணன் சீட்டைப் பார்த்தார். அதில் இரண்டு வரிதான் இருந்தது. மூன்றாவது வரி இருக்குமோ என்பது போலத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு லாரியின் எடை இருந்தது.

"மேடம், அடுத்த கூட்டம் ரெண்டு மாசத்துல வருது..." என்று இழுத்தார்.

"ரெண்டு மாசம் புடிச்சிக்கிட்டு நிக்க முடியாதுங்க" என்றார் மேஸ்திரி.

அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"தம்பி, உங்களுக்கு இவரு எத வாங்கச் சொன்னாரு?"

"ரெப்போதான்க்கா."

"மேஸ்திரி, உங்க மச்சானுக்கு எழுதிக் குடுத்தாரே?"

"அதேதாம்மா. ரெப்போ."

வங்கி மேடம் கொஞ்சம் தயங்கி, "என் வீட்டு லோனுக்கும் சார்கிட்டதான் கேட்டேன். எனக்கும் அதான் சொன்னாரு" என்றார்.

அக்கா அண்ணனுக்கு எதிரே போய் நின்றார். "ஊருக்கெல்லாம் ஒண்ணச் சொன்னீங்க. நமக்கு மட்டும் ஏங்க ரெண்டா எழுதுனீங்க?"

அண்ணன் டிபன் டப்பாவைக் கீழே வைத்தார். "ஊரு வூடுன்னா கணக்கு, ராணி. நம்ம வூடுன்னா பயமா இருக்குது. எங்கண்ணனும் கணக்குல கெட்டிக்காரன்தான்" என்றார்.

கை வலியைக்கூட மறந்துவிட்டு நின்றோம்.

அக்கா அவர் கையிலிருந்த சீட்டை மெதுவாக வாங்கினார். நாலாக மடித்து, நவதானியத்தோடு மஞ்சள் துணிக்குள் வைத்து முடிந்தார். முடிச்சைக் குழியில் போட்டு அதன் மேல் பாலை ஊற்றினார்.

"உங்க அண்ணனுக்குப் படிச்சிச் சொல்ல ஆளு இல்ல. நமக்கு நீங்க இருக்கீங்க" என்றார் அண்ணனிடம். அப்புறம், "வைங்க மேஸ்திரி."

பத்து இருபத்தாறுக்கு வாசக்கால் நின்றது. சுற்றிலும் சுவர் இல்லை, கூரை இல்லை, வெட்ட வெளியில் மாவிலைத் தோரணத்தோடு அது மட்டும். அக்கா அதன் வழியாக ஒருமுறை உள்ளே போனார். ஒருக்களிக்காமல் நேராகப் போனார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மேடத்திடம் பேனா கேட்டு ரெப்போ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால் பொடி எழுத்தையெல்லாம் ஒருமுறை படித்தார். அதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை.

வீடு எழும்பியது. சித்திரை தாண்டி ஒரு மாதம் வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார். ஒரு பெரிய இடைஞ்சல் கூடத்தைவிட்டுப் போன சந்தோஷம் அவருக்கு. அதற்கப்புறம் ரெப்போ ஏறியும் இருக்கிறது, இறங்கியும் இருக்கிறது. ஏறிய அன்று அண்ணன் குற்றவாளி மாதிரி சமையல்கட்டு வாசலில் போய் நின்றாராம். "அதுக்கென்னங்க, எறங்குறப்ப எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா ரசத்துக்குப் புளி கரைத்தாராம். ஆனாலும் என்னைத் தனியாகப் பார்த்தால் அண்ணன் இன்னமும் கேட்பார், "சார், அந்தச் சீட்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கலாமோ?"

நான் அந்த ஆபீசை விட்டு வந்துவிட்டேன். அவர் இப்போதும் அதே எடைமேடையில் இருக்கிறார். போன வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"சார், இன்னிக்கி உங்களுக்கு ரீசெட்."

"ஞாபகம் இருக்குதுண்ணே."

"எறங்கணும் சார். எறக்கலன்னா சொல்லுங்க, நாலு ரோட்ல நிக்கிறேன், ரெண்டு பேரும் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடலாம். நல்லாருக்கீங்களா? பாப்பா படிக்குதா?"

அரை மணி நேரம் பேசினோம். வரதராஜன்பேட்டையில் அப்பா வழி நிலத்தில் என் பங்கை விற்று, போன ஆடியிலேயே என் கடனை முழுதாக அடைத்துவிட்டேன். அண்ணனிடம் மட்டும் அதை இன்னும் சொல்லவில்லை.